மேகம் பொத்தான்

போன மாதம் நிவேதா போனில் ஒரு செய்தி அனுப்பினாள். நான் ஓய்வு பெற்று வந்த அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி, பொறுமை மட்டும் கிடையாது. நாங்கள் பதினோரு வருடமாகத் தட்டிக்கொட்டி ஓட்டிய கண்காணிப்பு நிரலைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுகிறார்களாம். பழைய நிரலோடு இரண்டு பட்டியல்கள் கிடந்தன. ஒன்று 'தெரிந்த குறைகள்', இன்னொன்று 'செய்ய நினைப்பவை'. குறைகள் பட்டியலில் ஒவ்வொரு குறைக்கும் நேராக 'யாருக்கு?' என்று ஒரு கட்டம் இருக்கும். அது எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எடுக்காதே என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். காரணம் என்ன சார் என்று அடுத்த நிமிடமே திருப்பிக் கேட்டாள். காரணம் ஒரு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை. கேட்டாளல்லவா, முழுவதையும் படிக்கட்டும்.

என் கதையின் முன்பாதி யாருக்கும் வேண்டாம். பழனி அடிவாரத்தில் மொட்டை போட்டு இறங்குகிறவர்களுக்கு அப்பா சந்தனம் விற்றார். நான் திண்டுக்கல்லில் டிப்ளமா படித்தேன், சில வருடம் டெலிபோன் கேபிளோடு மல்லுக்கட்டினேன், பிறகு கொடைக்கானல் வந்து சேர்ந்தேன். நாயுடுபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் எங்கள் அலுவலகம். மலைக் கிராமங்களுக்குக் கம்பியில்லாமல், கோபுரம் விட்டுக் கோபுரமாக இணையம் கொண்டுபோகிற சின்ன நிறுவனம். ஆறே பேர். காலையில் கீழேயிருந்து வருகிற பன் வாசனையில் பாதிப் பசி அடங்கிவிடும், மீதிப் பசிக்குக் கீழே போய்விடுவோம்.

நிரல் செய்த வேலை ரொம்ப எளிது. நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கோபுரத்தையும் 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி. மூன்று தடவை பதில் வரவில்லை என்றால் சிவப்புப் புள்ளி, கூடவே காது கிழிகிற மாதிரி ஒரு மணி. மணி அடித்தால் பாண்டி ஜீப்பை எடுப்பான். பாண்டிதான் எங்கள் கோபுரக்காரன். மரம், பாறை, கம்பம் எதில் வேண்டுமானாலும் ஏறுவான். ஏறும்போதும் பேசிக்கொண்டே இருப்பான்.

எங்களுக்கெல்லாம் மேலே எஸ்தர் மேடம். குரலை உயர்த்தவே மாட்டார். திட்டிவிட்டாலாவது தேவலாம் என்று நமக்குத் தோன்றும், அப்படிப் பேசுவார். திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாரையும் உட்காரவைத்து, தான் மட்டும் நின்றுகொண்டு குறைகள் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார். ஒவ்வொரு குறையையும் எழுதினவர் முகத்தைப் பார்த்து வாசிப்பார். 'யாருக்கு?' என்ற கட்டம் அவர் போட்டதுதான். அதில் 'வாடிக்கையாளருக்கு' என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார், பெயர் வேண்டும் என்பார். கரண்டு போய் வந்தால் மணி இரண்டு தடவை அடிக்கும் என்பது இரண்டாவது குறை. யாருக்கு? பாண்டிக்கு, ஜீப்பை இரண்டு தடவை எடுக்கிறான். மாத அறிக்கையில் முதல் பக்கம் வெறுமையாக அச்சாகும் என்பது நான்காவது. யாருக்கு? எஸ்தர் மேடத்துக்கு, தாள் வீண். இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நான் முணுமுணுத்ததுண்டு. அவர் காதிலும் விழுந்திருக்கும், கண்டுகொள்ளவில்லை.

ஏழாவது குறை என்னுடையது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மழைக்காலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறும். அடர்த்தியாக வந்தால் எங்கள் கருவிகள் திணறும். ஒவ்வொரு புள்ளியாகச் சிவக்கும், மணி ஓயாது. அரை மணியில் மேகம் நகர்ந்ததும் எல்லாம் தானாகப் பச்சையாகிவிடும். அதற்குள் பாண்டி பாதி மலை போயிருப்பான். ஒருநாள் பள்ளங்கிப் பக்கத்துக் கோபுரத்துக்கு மூன்று நடை போய், மூன்று தடவையும் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தான். சாவியை என் மேசையில் வைத்தான்.

"அண்ணே, ஒண்ணு அந்த மெசினுக்கு மேகம்னா என்னன்னு சொல்லிக் குடுங்க. இல்ல, என்னய வேற சோலிக்கு அனுப்பிருங்க."

நியாயம்தானே? அந்த வாரமே ஒரு பொத்தான் எழுதினேன். கோபுரம் சிவந்தால், வெளியே மேகம் தெரிந்தால், 'மேகம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டியது. மணி அடங்கும், புள்ளி சாம்பல் நிறமாகும். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், கீழேயிருந்து கேக்கெல்லாம் வந்தது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. அமுக்கிய பொத்தான் தானாக விலகாது, நாம்தான் ஞாபகமாக எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் மேகம் போன பிறகும் புள்ளி சாம்பலாகவே நிற்கும், அந்தக் கோபுரம் உயிரோடிருக்கிறதா செத்துவிட்டதா என்றே தெரியாது.

எனக்கு இது தெரியும். தெரிந்துதான் பட்டியலில் ஏழாவதாக எழுதினேன். ஒரு மணி நேரத்தில் தானாக விலகும்படி அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டும் என்று 'செய்ய நினைப்பவை'யிலும் எழுதினேன். 'யாருக்கு?' என்ற கட்டத்தில் 'யாருக்கும் இல்லை' என்று போட்டேன். திங்கட்கிழமை மேடம் அதை வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார்.

"யாருக்கும் இல்லன்னா அது குறையே இல்லையே சண்முகவேல். அப்புறம் ஏன் எழுதினீங்க?"

நான் சிரித்து மழுப்பினேன். இன்னொருவர் எழுதியதை அவர் திருத்த மாட்டார், அது அவர் பழக்கம். அப்படியே இருக்கட்டும் என்று அடுத்ததற்குப் போய்விட்டார். 'அடுத்த பதிப்பில்' என்பது இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. சோம்பேறித்தனம் என்று மட்டும் சொன்னால் பொய். புதிதாக ஒன்று கட்டினால் நாலு பேர் பார்த்துப் பாராட்டுவார்கள். பழைய ஓட்டையை அடைத்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பாராட்டு பிடிக்கும், வேறென்ன சொல்ல.

இன்னொரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. இணையம் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் போன் செய்தால், எழுந்து பார்க்காமலே 'மேகம்ங்க, அரை மணியில வந்துரும்' என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் வந்துவிடும். எங்க ஊர்ல வெயில் அடிக்குதே சார் என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தேன். வழியில மேகம் என்பேன்.

அது ஆடி மாதம். மேல்மலைக் கடைசியில் ஓர் ஊர், பேர் வேண்டாம். அங்கே செல்போன் சிக்னலே கிடையாது. எங்கள் இணைப்பு ஒன்றுதான் அவர்களுக்கு வழி. அது போய்விட்டால் ஊருக்கு மேலே ஒரு பாறை, அதில் ஏறி நின்றால் பேசுகிற அளவுக்கு மட்டும் சிக்னல் ஒரு கோடு வரும். ஏறிப் பேசினால் கிடைக்கிற பதில் என்ன? 'மேகம்ங்க.' போகப் போக ஏறுவதையே விட்டுவிட்டார்கள். அந்த ஊரிலிருந்து புகாரே வராததைப் பார்த்து, அங்கே சேவை பிரமாதம் என்று மாத அறிக்கையில் எழுதியவனும் நான்தான்.

பகல் பன்னிரண்டரை இருக்கும். நல்ல வெயில். ஓர் ஆள் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேட்டியில் செம்மண், தோளில் துண்டு. பெயர் வேலுச்சாமி என்றும் அந்த ஊர்தான் என்றும் சொன்னார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றிப் போகிற லாரியில் வந்திருக்கிறார். லாரி கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வெவரம் கேக்கணும் சார். மேகம் அஞ்சு மணிக்குள்ள வெலகிருமாங்க?"

எனக்குப் புரியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கே மேகம் என்று கேட்டேன்.

"ஊர்ல இல்லைங்க, அங்கயும் நல்ல வெயிலுதான். வழியில இருக்கும்ல. ரெண்டு நாளா நெட்டு இல்ல, மேகம்தான்னு ஒக்காந்திருக்கோம்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். மகள் கௌசல்யா பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங் கலந்தாய்வில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் பதிந்து பூட்ட வேண்டும். இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அதற்கான ரகசியச் சொல் அவள் போனில் பதிந்து கிடக்கிறதே தவிர அவளுக்கே ஞாபகமில்லை, அவளோ ஊரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு மேகம் விலகக் காத்திருக்கிறாள். அவர் புகார் சொல்ல வரவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வானிலை கேட்க வந்தவர் மாதிரி, தொந்தரவு கொடுக்கிறோமே என்ற முகத்தோடு நின்றார்.

திரையைப் பார்த்தேன். அந்த ஊர்ப் புள்ளி சாம்பல். முந்தாநாள் மத்தியானம் இரண்டரைக்கு அமுக்கியது என் கை. பொத்தானை எடுத்துவிட்டேன். புள்ளி சிவந்து மணி அலறியது. பதில் நின்று நாற்பத்தாறு மணி நேரம் என்று பக்கத்தில் எழுத்து வந்தது. 

மணிச் சத்தத்தில் எஸ்தர் மேடம் வந்துவிட்டார். நான் காதோடு சொன்னதைக் கேட்டார். கோபம் இல்லை, ஏன் என்ற கேள்வியும் இல்லை. ஊருக்கு ஜீப்பில் எவ்வளவு நேரம்? இரண்டு மணிக்கு மேல். அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தால்? ஐந்து தாண்டிவிடும். அப்படியானால் ஊரிலேயே சரிசெய்ய வேண்டியதுதான் என்றார். பாண்டி கயிறும் ஸ்பேனரும் வயர்லெஸ் செட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கியதை நான் பார்க்கவில்லை, ஜீப் கிளம்பிய சத்தம்தான் கேட்டது. வேலுச்சாமி லாரிக்காரரிடம் போய் நீங்க போங்க என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கீழேயிருந்து டீயும் பன்னும் வரவழைத்தோம். பன்னைத் தொடவில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வயர்லெஸ் இரைந்தது.

"அண்ணே, காட்டுமாடு முதுகு சொறிஞ்சிருக்கு. கம்பம் சாஞ்சு கெடக்கு. தட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கு."

கொடைக்கானலில் காட்டுமாடு ஒரு பெரிய மனுஷன். அதற்கு முதுகு அரித்தால் யார் கம்பம் என்றெல்லாம் பார்க்காது. ஊர் ஆட்கள் பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்துக் கம்பத்தை நிமிர்த்தி, அடியில் கல் அடைக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்து, கம்பத்து உச்சியில் சிக்னல் வாங்குகிற தட்டைத் திருப்பி எங்கள் கோபுரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். அது இரண்டு பேர் வேலை. அங்கே பாண்டி தட்டை இம்மி திருப்புவான், இங்கே நான் திரையில் வருகிற சிக்னல் எண்ணைச் சொல்வேன். எண் குறையக் குறைய நல்லது. எண்பதுக்கு மேல் என்றால் சும்மா, அறுபதில் வந்தால் உறுதி. திருப்பினதும் எண் உடனே மாறாது, பத்து எண்ணும் நேரம் ஆகும். அவசரப்பட்டவன் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவான், திரும்ப முதலிலிருந்து தேட வேண்டும். எனக்கு அன்றைக்கு அவசரம் தாங்கவில்லை. மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சத்தமாக ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினார். பத்து சொன்ன பிறகுதான் என்னை வாயைத் திறக்க விட்டார். எண்பத்தெட்டு. இம்மி திருப்பு. ஒன்று, இரண்டு. எண்பத்தொன்று. இம்மி. எழுபத்தாறு. இம்மி. எண்பத்து மூன்று, தாண்டிவிட்டான், கொஞ்சம் பின்னால் வா. அறுபத்து நான்கு. இறுக்கு.

நான்கு பத்துக்குப் புள்ளி பச்சையானது. வேலுச்சாமி எழுந்து நின்று கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று நான் பார்க்கவில்லை.

சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. வயர்லெஸ்ஸில் பாண்டி, அந்தப் பெண்ணுக்குப் பக்கம் திறக்கவே மாட்டேனென்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றான். திரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இரண்டு நாள் பட்டினி கிடந்த ஊர். இணைப்பு வந்ததும் நாற்பத்தொரு போன்களும் ஒரே மூச்சில் இரண்டு நாள் படம், வீடியோ, வாட்ஸப் எல்லாவற்றையும் இழுக்கின்றன. அந்த மெல்லிய இணைப்பில் அத்தனையும் முட்டி மோதி நிற்கிறது.

மேடம் கேட்டார், மற்றவற்றை இங்கிருந்தே நிறுத்த முடியாதா என்று. முடியும். ஆனால் நாற்பத்தொன்றில் அந்தப் பெண்ணின் போன் எது? எங்கள் நிரல் எண்களைத்தான் காட்டும், பெயரைக் காட்டாது. பெயர் காட்ட வேண்டும் என்பது 'செய்ய நினைப்பவை'யில் மூன்றாவது. அதையும் எழுதியவன் நான், தள்ளிப்போட்டவனும் நான். வெறும் எண்ணைப் பார்த்து ஒன்றொன்றாக வெட்டினால் முதல் வெட்டே அவளுடையதாக இருந்துவிட்டால்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வழி சொன்னது பாண்டிதான். ஆடித் திருவிழாவுக்குக் கோயிலில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள், அதில் சொல்கிறேன் என்றான். வயர்லெஸ்ஸை அமுக்கியபடியே மைக்கில் பேசினான், எங்களுக்கும் கேட்டது.

"கௌசல்யாவுக்கு நர்ஸ் படிப்பு எழுதிப் போடணும். அஞ்சு மணிதான் கெடு. அந்தப் பிள்ளையத் தவிர எல்லாரும் போன்ல நெட்ட அணைங்க. வெரசா அணைங்க."

நாற்பத்தொன்று என்ற எண் அப்படியே நின்றது. பிறகு முப்பத்தெட்டு ஆயிற்று. முப்பது. பதினேழு. அத்தனை வருடமும் ஒரு புள்ளி அணைந்தால் பதறியவன் நான். அன்று அணையட்டும், அணையட்டும் என்று பழனி முருகனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது. ஐந்து. இரண்டில் வந்து நின்றுவிட்டது. நான்கு நாற்பது.

ஒன்று அவளுடையது, மற்றொன்று யாருடையது? பாண்டி வீடு வீடாக ஓடினான். சின்னக்காளை என்ற பெரியவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்க, நெஞ்சுமேல் போனில் நாடகம் ஓடிக்கொண்டிருந்ததாம். அவரை எழுப்பாமல் போனை மட்டும் எடுத்து அணைத்திருக்கிறான். திரையில் ஒன்று. ஒற்றை எண்.

அந்த ஒன்றை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான்கு ஐம்பத்திரண்டுக்கு அதுவும் அணைந்தது.

சைபர்.  கம்பம் மறுபடி சாய்ந்துவிட்டதா? இல்லை, கோபுரப் புள்ளி பச்சையாகத்தான் இருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதா? வயர்லெஸ்ஸில் பாண்டியைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வேலுச்சாமி திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் கழித்துப் பாண்டி வந்தான்.

"முடிச்சிருச்சுண்ணே. பூட்டிருச்சு. எல்லாரும் அணைக்கச் சொன்னீங்களேன்னு, சோலி முடிஞ்சதும் அந்தப் பிள்ளையும் அணைச்சிருச்சு."

மேடம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் பன்னைக் கையில் எடுத்தார். மேகத்தையும் விலக்கிக் கம்பத்தையும் நிமித்திட்டீங்களே சார், நீங்க நல்லா இருக்கணும் என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. மேடமும் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொல்கிறேனா இல்லையா என்று அவர் காத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"மேகம் இல்லைங்க. மேகம் முந்தாநாளே போயிருச்சு. நான் ஒரு பொத்தான அமுக்கிட்டு எடுக்காம விட்டுட்டேன், அதனாலதான் கம்பம் சாஞ்சதே தெரியல. அந்தப் பொத்தான் தானா வெலகாதுன்னு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். என் தப்புதாங்க."

அவர் பன்னைக் கையில் வைத்தபடி யோசித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. சங்கடப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"அப்ப, இனிமே நீங்க மேகம்னு சொன்னா, மேகம்தானான்னு ஒரு வார்த்த திருப்பிக் கேக்கலாமுங்களா?"

கேளுங்க, கேக்கணும் என்றேன். 

மறுநாள் விடிந்ததும் அலுவலகம் போய் ஏழாவது குறையைச் சரிசெய்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தப் பொத்தானும் நிற்காது. எத்தனை வரி தெரியுமா, நிவேதா? பதினான்கு. இரண்டு வருடம் தள்ளிப்போட்ட வேலை முதல் டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு என்மேலேயே அப்படி ஓர் எரிச்சல். 'யாருக்கும் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'கௌசல்யாவுக்கு' என்று எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை மேடம் ஏழாவதை மற்றவற்றைப் போலவே, அதே குரலில் வாசித்துவிட்டு எட்டாவதற்குப் போனார். பெயர் காட்டுகிற வேலையையும் அந்த மாதமே முடித்தேன். புதிய நிரலில் நீங்கள் போட்டிருப்பதாகச் சொன்ன பெயர்ப் பலகை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கௌசல்யாவுக்கு அவள் வரிசையில் இரண்டாவதாகப் போட்ட கல்லூரி, திண்டுக்கல்லில், கிடைத்தது. வேலுச்சாமி அரை மூட்டை கேரட் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். கீழே பேக்கரிக்காரர் அதில் கேக் செய்து எங்களுக்கே விற்றார்.

அவள் ஹாஸ்டலுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு அந்த ஊர்ப் புள்ளி சிவந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பாறை ஏறிய மூச்சிரைப்பு அடங்காத குரல்.

"சார், கௌசல்யா பேசுறேன். மேகம்தானா சார்?"

அவசர வேலை எதுவும் இருக்கிறதாம்மா என்று கேட்டேன்.

"இல்ல சார். அப்பா கேக்கச் சொன்னாரு. ஊர்ல இனிமே ஆள் மாத்தி ஆள் ஏறிக் கேக்குறதாப் பேசிருக்காங்க."

'மேகம்ங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். இரும்மா, பார்த்துச் சொல்கிறேன் என்று போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, பதில் சொல்வதற்கு முன்னால் நான் எழுந்து போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை.